மண்ணுக்குப் போன மூன்று விரல்

அலி அஸ்கர் ஒன்பது வருஷமாகப் பல்லி வாலை அறுத்துக்கொண்டிருந்தான். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் அவனுக்கு டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. மாணவர்களுக்குத் தவளையையும் கரப்பானையும் மல்லாத்திக் காட்டுவது சம்பளத்துக்கு. பல்லி வால் டாக்டர் பட்டத்துக்கு. அறுந்த வால் எத்தனை நாளில் எவ்வளவு முளைக்கிறது, முளைத்த வாலுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் ஓய்வு பெற்றார், அடுத்தவர் ஊர் மாறிப் போனார், மூன்றாமவருக்கு இவன் பெயரே ஞாபகம் இல்லை. பல்லிகள் மட்டும் தங்கள் கடமையைத் தவறாமல் செய்துவந்தன. மேலப்பாளையத்தில் அவன் தெருவில் அவனுக்குப் 'பல்லி சார்' என்று பெயர். முப்பத்தைந்து வயதாகியும் பெண் அமையாததற்கு அந்தப் பெயரும் ஒரு காரணம் என்று அவன் தாயார் ஜுபைதா பீவி நம்பினாள்.

அவனிடம் ஒரு குணம் உண்டு; அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. கேட்டாலும் சொல்லுவான், கேட்காவிட்டாலும் சொல்லுவான், சொன்ன பிறகு யாரும் மறுத்துப் பேசக்கூடாது. வாப்பா மௌத்தாகிப் பதினைந்து வருஷமாக அந்த வீட்டில் காய்ச்சலுக்கு எந்த மாத்திரை, தங்கைக்கு எந்த மாப்பிள்ளை, மழைக்கு முன்னால் எந்த ஓட்டை மாற்றுவது எல்லாமே அவன் வைத்த சட்டம்தான். உம்மாவும் தங்கை ஷரீபா பீவியும் அவன் வாயைப் பார்த்தே பழகிவிட்டார்கள். படித்தவன் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்.

ஷரீபாவின் மாப்பிள்ளை அகமது மீரான் குலசேகரன்பட்டினத்துக்காரன்; ஊர் வாயில் குலசை. ஷார்ஜாவில் ஒரு கடையில் கடிகாரம் பழுதுபார்க்கிறவன். அரிசிக் குருணையைவிடச் சின்னத் திருகாணியைக் கண்ணாடிச் சில்லுக்குள் பார்த்து எடுத்து வைப்பான், கை நடுங்காது. அந்தக் கையை நம்பித்தான் குலசையில் அவன் பெற்றோரும் ஒரு தம்பியும் இருந்தார்கள், ஷரீபாவும் இருந்தாள். தொண்ணூற்றேழாம் வருஷம் மே மாதக் கடைசியில் இரண்டு மாத லீவில் வந்தான். சொந்த ஊரில் பத்து நாள் இருந்துவிட்டு மாமியார் வீட்டுக்கு வந்தபோது, சென்ட்டு பாட்டில், டார்ச் லைட், உம்மாவுக்குத் தொழுகைப் பாய் இவற்றோடு ஒரு சீட்டுக்கட்டும் பெட்டியில் இருந்தது.

அது ரம்மி ஆடுகிற சீட்டு அல்ல. அறையில் கூடத் தங்கியிருந்த ரொமேல் என்ற பிலிப்பைன்ஸ்காரன் கற்றுக்கொடுத்து, ஊருக்குப் போகிறபோது அன்பளிப்பாகக் கொடுத்தது. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பிராணி: நெருப்புத் துப்புகிறது, பாதி மரமாகவும் பாதி மனிதனாகவும் இருப்பது, சதுப்பு நிலத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. ஆளுக்கொரு படை. காடு, மலை, ஆறு என்று சில சீட்டுகள். அவைதான் செலவழிக்கிற சக்தி. ஒருவன் பிராணி அடுத்தவன் பிராணியை அடித்தால், தோற்றது ஓரத்தில் ஒரு குவியலில் போய்ச் சேர வேண்டும். அலி அஸ்கரும் மீரானும் அந்தக் குவியலுக்குக் 'கபர்', அதாவது சவக்குழி, என்று பெயர் வைத்தார்கள்.

வீட்டில் சீட்டா என்று உம்மா முதல் நாளே முகத்தைச் சுளித்தாள். பந்தயம் கிடையாது மாமி, பிள்ளை விளையாட்டு என்று மீரான் சொல்லிப் பார்த்தான். ஒரு சீட்டை வாங்கிப் பார்த்தவள், ஷைத்தானைப் படம் பிடித்து யாரோ விற்றிருக்கிறான், அதை நீங்களும் சுமந்து வந்திருக்கிறீர்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஆனாலும் மத்தியானச் சோறு முடிந்ததும் மச்சானும் மாப்பிள்ளையும் ஜமுக்காளத்தை விரிக்கும்போது, முணுமுணுத்துக்கொண்டே இரண்டு கிளாஸில் தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள். மகனுக்கு இப்படி ஒரு தோழன் வாய்த்ததில் அவளுக்கு உள்ளூர சந்தோஷம். பல்லி சாரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேச அந்தத் தெருவில் வேறு யார் இருந்தார்கள்.

சண்டை வந்தது அந்தச் சதுப்புப் பிராணியால்தான். அதை அடித்துக் கொன்றாலும், கபருக்குப் போகிறதற்கு முன்னால் இரண்டு காடு செலவழித்தால் அது போகாது. அந்தச் சுற்றுக்கு ஒருக்களித்துக் கிடக்கும். அடுத்த சுற்றில் முழுசாக எழுந்து நிற்கும். அலி அஸ்கருக்கு இது பொறுக்கவில்லை. மறுவளர்ச்சி என்றால் என்னவென்று இந்தச் சீட்டை எழுதினவனுக்குத் தெரியுமா என்று ஆரம்பித்துவிட்டான். பல்லிக்கு வால் முளைக்கும், ஆனால் பழைய வால் அல்ல. உள்ளே எலும்பு இருக்காது, குருத்தெலும்புக் குழாய்தான் இருக்கும். வளர்கிற காலத்தில் முட்டை குறையும். நண்டுக்குக் கொடுக்கு போனால் இரண்டு மூன்று முறை ஓடு கழற்றிய பிறகுதான் பழைய அளவு வரும். குளத்துத் தட்டைப்புழுவை மூன்றாக வெட்டினால் மூன்று புழு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதுவும் தன் உடம்பையே தின்றுதான் வளர்கிறது. இனாமாக எந்தப் பிராணிக்கும் எதுவும் திரும்பக் கிடைப்பதில்லை. இப்படி அரை மணி நேரம் வகுப்பு நடந்தது.

"அதான் ரெண்டு காடு குடுக்கேனே மச்சான், இனாமாவா கேக்கேன்" என்று சிரித்தான் மீரான்.

அந்தச் சிரிப்பிலிருந்துதான் யோசனை பிறந்தது. நாமே ஒரு கட்டு செய்தால் என்ன? உண்மையான பிராணிகள், உண்மையான விதிகள். அலி அஸ்கருக்குப் படம் வரையக் கை வரும்; ஒன்பது வருஷம் பல்லி வரைந்த கை. பத்து நாள் ராப்பகலாக உட்கார்ந்து வரைந்தான். தாமிரபரணி நண்டு, ஓணான், மண்புழு, தட்டைப்புழு, தேரை, அயிரை. ஒவ்வொன்றுக்கும் கீழே குண்டு குண்டான எழுத்தில் எது முளைக்கும், எத்தனை சுற்றில் முளைக்கும், அதற்கு விலை என்ன என்று எழுதினான். மனிதனுக்கும் ஒரு சீட்டு வேண்டும் என்று மீரான் வற்புறுத்தினான். அலி அஸ்கர் கொஞ்சம் யோசித்து எழுதினான்: தோல், ஈரல், மற்றது இல்லை. இப்படி ஒரு நோஞ்சானை யார் படையில் சேர்ப்பார்கள் என்று மீரான் அன்றைக்கெல்லாம் கேலி செய்தான்.

வரைந்த அட்டைகளை ஒரே அளவாக வெட்ட வேண்டும். இரண்டு தெரு தள்ளி முகம்மது சுல்தானின் அச்சகம். கல்யாணப் பத்திரிகையும் ஜமாஅத் நோட்டீசும் அடிக்கிற இடம். அங்கே கைப்பிடி போட்ட பழைய கட்டிங் மெஷின் ஒன்று உண்டு. ஜூன் இருபத்தெட்டு, சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு இருவரும் போனார்கள். சுல்தான் வெளியே ஒரு பார்ட்டியோடு பேசிக்கொண்டிருந்தார். நீங்களே வெட்டிக்கிடுங்க, கைப்பிடியை மட்டும் நல்லா மேலே ஏற்றி மாட்டிவிடுங்க என்று அங்கிருந்தே சொன்னார். அலி அஸ்கர் வெட்டின அட்டைகளை எண்ணி அடுக்கினான். மீரான் கைப்பிடியை மேலே ஏற்றினான். அடுத்த அடுக்கில் ஒரு அட்டை மட்டும் ஒரு நூல் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். கடிகாரக்காரனுக்கு ஒரு நூல் என்பது பெரிய தூரம். வலது கையை உள்ளே விட்டு அதைத் தட்டிச் சரிசெய்தான். கைப்பிடி சரியாக மாட்டியிருக்கவில்லை. கத்தியோடு தன் பாரத்திலேயே இறங்கிவிட்டது.

பெரிய சத்தம்கூட இல்லை. ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் அட்டைகளோடு அட்டைகளாக விழுந்தன. மீரான் அப்படியே தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். அலி அஸ்கர் பதறவில்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ரத்தம் பார்த்துப் பழகினவன். தோள் துண்டால் கையை இறுக்கிக் கட்டி, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆட்டோ பிடிக்க சுல்தானை ஓடச் சொன்னான். யாரோ போய்ச் சொல்லி ஜுபைதா பீவி தலைத்துணி நழுவ ஓடிவந்தாள். மருமகனைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள். அழவில்லை. முந்தானையை விரித்து அந்த மூன்று விரல்களையும் ஒவ்வொன்றாக எடுத்து அதில் வைத்துக்கொண்டாள்.

"இதை என்னலே செய்ய?" என்று கேட்டாள்.

"பள்ளிவாசல்ல குடுத்து அடக்கச் சொல்லுங்க உம்மா. மனுஷ உறுப்பு, குப்பையில கிடக்கக் கூடாது."

"டாக்டர்கிட்ட காட்டாண்டாமா?"

அவளாகத்தான் கேட்டாள். மூன்றாம் வகுப்போடு நின்றவள். அலி அஸ்கர் துண்டை இன்னொரு முடிச்சுப் போட்டுக்கொண்டே, எரிச்சலோடு பதில் சொன்னான்.

"அது என்ன பல்லி வாலா உம்மா? மனுஷனுக்கு முளைக்காது. காட்டி என்ன ஆவப்போவுது?"

முளைக்குமா என்று அவள் கேட்கவே இல்லை. ஒன்பது வருஷமாக ஒரே கேள்வியைத் தலைக்குள் வைத்து உருட்டிக்கொண்டிருந்தவனுக்கு, யார் எதைக் கேட்டாலும் அந்தக் கேள்வியாகத்தான் கேட்டது. அறுந்ததைத் திரும்ப ஒட்டலாம் என்று அவன் படிக்காமலும் இல்லை. எங்கோ பத்திரிகையில் படித்தும் இருந்தான். அந்த நேரத்தில் அது அவன் புத்தியில் தட்டவில்லை, அவ்வளவுதான். மகன் சொன்ன பிறகு ஜுபைதா பீவி மறுத்துப் பேசவில்லை. அந்த வீட்டில் அது வழக்கமும் இல்லை.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு முதலில் கேட்டதே, விரல்கள் எங்கே என்பதுதான். வெட்டு சுத்தமாக இருக்கிறது, நசுங்கல் இல்லை. மதுரையில் தனக்குத் தெரிந்த ஒருவர் இதைச் செய்கிறார், நரம்பையும் ரத்தக் குழாயையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தைப்பார். மூன்றும் பிழைக்கும் என்று சொல்ல முடியாது, ஆட்காட்டி விரலாவது பிழைக்க வாய்ப்பு உண்டு. ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, பையை ஐஸில் வைத்து எடுத்துக்கொண்டு இப்போதே கார் பிடித்தால் சாயங்காலத்துக்குள் மேஜையில் இருக்கலாம். அவர் சொல்லி முடிப்பதற்குள் அலி அஸ்கர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மணி பதினொன்று பத்து.

ஆட்டோவில் திரும்பி மேலப்பாளையத்துக்கு வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. பள்ளிவாசலில் பாங்கு சொல்லுகிற மோதினார் தயங்கினார். மண்ணுக்குக் கொடுத்ததைத் திரும்ப எடுப்பதா என்று இமாம் ஹஜ்ரத்திடம் கேட்கப் போனார். ஹஜ்ரத் ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார்: உயிரோடு இருக்கிறவனுக்கு வேண்டும் என்றால் தோண்டுங்கள். பள்ளிவாசல் அடக்கக் கொல்லையின் ஓரத்தில், வேலிக்கு அடியில், ஒரு முழ ஆழம்தான். அலி அஸ்கர் கையாலேயே பறித்தான். வெள்ளைத் துணிப் பொட்டலம் வந்தது. சூடமும் அத்தரும் மணத்தது. அழகாக, ஒரு குழந்தைக்குக் கட்டுகிற மாதிரி மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தாள் உம்மா. அதை மார்போடு அணைத்துக்கொண்டு, வழியில் ஒரு சர்பத் கடையில் ஐஸ் வாங்கி, ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அந்த இருபது நிமிஷமும் அவனுக்கு உயிர் இருந்தது. பிழைத்துவிடும், ஒன்றாவது பிழைத்துவிடும் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு போனான்.

டாக்டர் துணியைப் பிரித்தார். விரல்கள் வெளுத்து, தோல் சுருங்கி, நகத்தடி சாம்பல் நிறமாக இருந்தது. ஒன்றை இடுக்கியால் தொட்டார். தோல் வழுக்கிக்கொண்டு வந்தது.

"வெந்நீர்ல போட்டீங்களா?" என்று கேட்டார்.

செத்தவரின் மையித்தைக் குளிப்பாட்டுகிற மாதிரி உம்மா அவற்றைக் குளிப்பாட்டியிருக்கிறாள். அறுந்த உறுப்புக்குக் குளிப்பாட்டும் கிடையாது, தொழுகையும் கிடையாது, சும்மா துணியில் சுற்றிக் கொடுங்கள் போதும் என்று மோதினார் சொல்லித்தான் இருக்கிறார். அவளுக்கு மனசு கேட்கவில்லை. இலந்தை இலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர். ஆறுவதற்கும் அவள் காத்திருக்கவில்லை. பச்சைத் தண்ணீரில் கழுவினால் அந்தப் பிள்ளைக்குக் குளிருமே என்று தோன்றிற்றாம். இதை அவள் பின்னால் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சொன்னபோது அலி அஸ்கரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டாக்டர் பொட்டலத்தை அவனிடமே திருப்பிக் கொடுத்தார். கையை மூடித் தைத்துவிடலாம், கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருக்கின்றன, அன்றாடக் காரியத்துக்கு ஓரளவு உதவும் என்றார்.

அந்த வராந்தாவில்தான் ஷரீபா அழுது வீங்கின முகத்தோடு வந்து நின்று, புதைக்கச் சொன்னது யார் என்று கேட்டாள். அலி அஸ்கர் வாயைத் திறந்தான். அதற்குள் ஜுபைதா பீவி, "நான்தான்" என்றாள். அவன் திறந்த வாயை மூடிக்கொண்டான். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், இப்போது இவள் இருக்கிற நிலையில் வேண்டாம் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டான். அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு தனியாகப் போய் அந்த மூன்று விரல்களையும் அதே குழியில் இரண்டாம் தடவை புதைத்தான்.

அந்த 'நாளைக்கு' வரவே இல்லை. தனியாக இருக்கும்போது ஒருமுறை, ஷரீபாவிடம் சொல்லப்போகிறேன் என்று உம்மாவிடம் சொன்னான். அவள் கையெடுத்துக் கும்பிடாத குறையாகத் தடுத்தாள்.

"சொல்லாதேலே. எம்மேல உள்ள கோவம் நான் கபருக்குப் போனா தீர்ந்துரும். நீ அவளுக்கு இன்னும் முப்பது வருசம் வேணும்" என்றாள்.

அவனும் கேட்டுக்கொண்டான். பெற்றவள் பேச்சைத் தட்டாத பிள்ளையாக அலி அஸ்கர் நடந்துகொண்டது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

ஷரீபா உம்மாவிடம் சண்டை போடவில்லை, பேச்சை நிறுத்திவிட்டாள். அவள் சமைத்ததைத் தொடவில்லை, தனக்கும் மாப்பிள்ளைக்கும் தனியாக உலை வைத்தாள். ஒரே அடுப்படியில் இரண்டு பெண்கள் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு சமைத்தார்கள். ஷார்ஜாவிலிருந்து கடை முதலாளி, எஸ்.டி.டி. பூத்துக்கு மீரானைக் கூப்பிட்டு, நல்ல மனிதர் என்பதால் வருத்தமாகவே சொன்னார்: வேறு ஆள் போட்டாகிவிட்டது. மீரான் வீட்டுக்கு வந்து அதை ஒரு செய்தி மாதிரிச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான். அலி அஸ்கர் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு அவனுக்குக் கட்டு மாற்றினான், சட்டைப் பொத்தான் போட்டுவிட்டான், சோறு பிசைந்து ஊட்டினான். பல்லிகள் பட்டினியில் ஒவ்வொன்றாகச் செத்ததாக அட்டெண்டர் வந்து சொன்னான். அலி அஸ்கர் சரி என்றான்.

ஒரு மத்தியானம் மாப்பிள்ளையின் மனசை மாற்றலாம் என்று ரொமேலின் சீட்டை எடுத்து விரித்தான். மீரான் இடது கையால் ஆடினான். விசிறி மாதிரிப் பிடிக்க முடியாததால் சீட்டுகளைத் தொடைமேல் அடுக்கி வைத்துக்கொண்டான். ஐந்தாவது சுற்றில் அவனுடைய சதுப்புப் பிராணி அடிபட்டது. முன்னால் மூன்று காடு இருந்தது. செலவழிக்காமல் அதைத் தானே எடுத்துக் கபரில் வைத்தான்.

"காடு இருக்கேவே, கொடுக்கலாமே" என்றான் அலி அஸ்கர்.

"வேண்டாம் மச்சான்" என்றான் மீரான். பிறகு நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தான். "உங்களுக்கு எதுவும் சொல்லணுமா?"

"ஒண்ணுமில்ல. ஆடுங்க."

மீரான் ஆடவில்லை. சீட்டுகளைச் சேர்த்துப் பெட்டியில் போட்டு, அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடு என்று ஷரீபாவிடம் கொடுத்தான். மறுநாள் காலையில், ஊரில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறோம் என்று மாமியாரிடம் சலாம் சொல்லிவிட்டு மனைவியோடு குலசைக்குப் பஸ் ஏறிவிட்டான். வருகிற மாதிரிப் போகவில்லை. எல்லாப் பெட்டியும் போயிற்று.

ஜுபைதா பீவி அதன் பிறகு யார் வந்தாலும் தானாகவே சொல்ல ஆரம்பித்தாள். எம் மருமவன் விரலைப் புதைக்கச் சொன்னது நான்தான், வெந்நீர் ஊத்தினதும் நான்தான் என்று மீன்காரியிடம்கூடச் சொன்னாள். ஒரு பாதி உண்மை என்பதால் மறு பாதியும் அவள் வாயில் உண்மை மாதிரியே வந்தது. தெருவில் சில பெண்கள் ஆறுதல் சொன்னார்கள். சிலர் படிக்காதவள் புத்தி என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். அது அலி அஸ்கர் காதிலும் விழுந்தது. அவன் வேகமாக நடந்து வந்துவிட்டான். வெட்கம் கெட்ட வேலைதான். ஆனால் ஒரு பொய்யின் நிழலில் நாற்பது நாள் உட்கார்ந்தவனுக்கு எழுந்து வெயிலுக்குப் போகக் கால் வராது.

ஆகஸ்ட் கடைசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாளில் இறங்கவில்லை. டைபாய்டு என்றார்கள். ஷரீபாவைப் பார்க்க வேண்டும் என்று ஒரே நச்சரிப்பு. தந்தி கொடுத்தும் ஷரீபா வரவில்லை. துஆ செய்கிறேன் என்று ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பினாள். கண்ணை மூடிக்கொண்டு, அவ கோவம் நியாயம்தான், நான்தானே சொன்னேன் என்று ஜுபைதா பீவி முனகியதைக் கேட்டபோதுதான் அலி அஸ்கருக்கு முதல் முறையாகப் பயம் வந்தது. இவள் இப்படியே போய்விட்டால் அந்தப் பழி அவள் பெயரிலேயே நின்றுவிடும். நிற்கட்டும் என்று ஒரு மனம் சொன்னது. அது மேலும் பேசுவதற்குள் எழுந்துவிட்டான். பக்கத்து வீட்டுப் பெண்ணைத் துணைக்கு இருத்திவிட்டு, காலை பஸ்ஸில் திருச்செந்தூர் போய், அங்கிருந்து குலசைக்கு மாறினான்.

மீரான் வீட்டு முற்றத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, இடது கையால் பேனா பிடித்துப் பெயர் எழுதிப் பழகிக்கொண்டிருந்தான். தம்பியின் மளிகைக் கடையில் கணக்கு எழுத உட்காரப் போகிறானாம். அலி அஸ்கரைக் கண்டதும் எழுந்து, நாற்காலி எடுத்துப் போட்டான். மாமிக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டான். அலி அஸ்கர் உட்காரவில்லை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை.

"மாப்ள, விரலு விசயத்துல உம்மா மேல தப்பு இல்லவே. அடக்கச் சொன்னது நான். உம்மா டாக்டர்ட்ட காட்டாண்டாமான்னு கேட்டுச்சு. நான்தான் வேண்டாம்னேன்."

மீரான் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தான். இடது கைக்கு அது சுலபமாக இல்லை. இரண்டு தடவை தவறிற்று.

"தெரியும் மச்சான்" என்றான். "நான் மயங்கலையே. கண்ணைத்தானே மூடியிருந்தேன். ரெண்டு பேர் பேசுனதும் கேட்டுச்சு."



மீரான் குரலை உயர்த்தவில்லை. எனக்கும்தான் அந்த நேரத்தில் தோன்றவில்லை, தோன்றியிருந்தால் வாயைத் திறந்து சொல்லியிருப்பேனே, அதற்காக உங்கள்மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை என்றான். விரல் போனது நசீபு, தலையெழுத்து. ஆனால் அதன் பிறகு தினமும் காலையில் கட்டு மாற்றும்போது, இன்றைக்குச் சொல்லுவார், இன்றைக்குச் சொல்லுவார் என்று காத்திருந்தேன். மாமி தனியாக உட்கார்ந்து தின்கிறதை நீங்களும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வாய்விட்டே கேட்டேன், எதுவும் சொல்லணுமா என்று. ஆடுங்க என்றீர்கள்.

"அதுக்கு மேல அங்கன இருந்தா நானே ஷரீபாட்ட சொல்லிருவேன்னு பயமா இருந்துச்சு. சொன்னா அவளுக்குக் கூடப்பொறந்தவன் இல்லாமப் போயிருவான். அதான் கூட்டிட்டு வந்துட்டேன்."

பின்னால் கிளாஸ் உரசுகிற சத்தம் கேட்டது. வாசல் நிலையில் ஷரீபா நின்றிருந்தாள். கையில் தட்டும், தட்டில் இரண்டு கிளாஸ் தேத்தண்ணியும். எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தட்டை அங்கேயே தரையில் வைத்தாள். அலி அஸ்கர் அவள் பெயரைச் சொன்னான். அவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள், உங்களுக்கும் தெரிந்திருக்கிறது என்பது போல. மீரான் தலையைக் குனிந்துகொண்டான்.

"உம்மா கையால நான் தண்ணி வாங்கிக் குடிச்சு ரெண்டு மாசம் ஆச்சு" என்றாள் ஷரீபா. "நாளைக்கு விடியக்காலம் நான் அங்கன வந்து உம்மாவைப் பாத்துக்கிடுதேன். எத்தனை நாள் ஆனாலும் இருந்து பாத்துக்கிடுதேன். நீங்க அந்த வீட்டுல இருக்க வேண்டாம்."

அவன் ஏதோ சொல்ல வந்தான். அவள் முற்றத்தைத் தாண்டித் தெருவைப் பார்த்தாள். மூன்றரைக்குத் திருச்செந்தூர் பஸ் இருக்கிறது, இப்போதே நடந்தால் பிடித்துவிடலாம் என்று மாப்பிள்ளையிடம் சொன்னாள், அவனிடம் அல்ல. மீரான் தெருமுனைவரை கூட வந்தான். பஸ் நிற்கிற இடத்தைக் கையால் காட்டினான். காலையிலிருந்து அலி அஸ்கர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை.